நியூட்ரான் பட்ட எஃகு: விரிசல், களைப்பு, ஒரு பழைய சுத்தியல்

பி.இ. இரண்டாம் வருஷம், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப். மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்டுலம் சுத்தியல் நிற்கும். விரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு, நடுவில் வி வடிவத்தில் ஒரு வெட்டு. அதைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை மேலிருந்து விட வேண்டும். துண்டை உடைத்துக்கொண்டு சுத்தியல் மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று முள் காட்டும். குறைவாக ஏறினால் துண்டு நிறைய ஆற்றலை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். இதுதான் சார்பி சோதனை.

எங்கள் பேட்சில் ஒருத்தன்தான் சுத்தியலை விட்டான். மற்றவர்கள் எல்லாரும் சீனியரோட ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து ரீடிங்கை எழுதிக்கொண்டோம். நானும்தான். கேம்பஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் அந்த லேபை சுத்தமாக மறந்தாச்சு.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அந்தச் சுத்தியல் திரும்ப வந்தது. அமெரிக்காவில் அணுமின் நிலையங்களுக்கு முதலில் 40 வருஷ லைசென்ஸ்தான் கொடுத்தார்கள். பிறகு அதை 60 ஆக நீட்டினார்கள், இப்போது சிலவற்றுக்கு 80 வரைக்கும். நாற்பது வருஷம் ஓடிய ஒரு இரும்புக் கலன் இன்னும் நாற்பது வருஷம் தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தேடிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அதே பெண்டுலம், அதே விரல் நீளத் துண்டு: 10 மில்லிமீட்டருக்கு 10, நீளம் 55. கொஞ்ச நாளாக இதைப் படித்து எடுத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

முதலில் களைப்பு

ஒரு கட்டுக்கம்பியைக் கையால் ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. ஆனால் அதே இடத்தில் இப்படியும் அப்படியும் பத்து தடவை வளைத்தால் பட்டென்று விட்டுவிடும். இதுதான் உலோகக் களைப்பு, ஃபேட்டிக். ஒரு தடவைக்குத் தாங்குகிற சுமையைப் பல தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் தோற்றுப்போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிந்து விழுந்தபோதுதான் இதை முறையாக ஆராய ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் இதற்காகவே வருஷக்கணக்கில் அச்சுகளைச் சுற்றிச் சுற்றிச் சோதித்தார்.

உள்ளே நடப்பது இது. எங்கோ ஒரு சின்னக் குறை இருக்கும், வெல்டிங்கில் சிக்கிய கசடு மாதிரி. ஒவ்வொரு தடவை சுமை ஏறி இறங்கும்போதும் அதன் நுனி துளித் துளியாக முன்னேறும். பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் 1960களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு எளிய விதி சொன்னார். ஒரு சுற்றுக்கு விரிசல் எவ்வளவு வளரும் என்பது விரிசல் நுனியில் ஏறி இறங்கும் அழுத்தச் செறிவின் ஒரு அடுக்கைப் பொறுத்தது. எஃகுக்கு அந்த அடுக்கு சுமார் 3. அந்தச் செறிவு சுமையின் அளவையும் விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் வருவது. அதாவது விரிசல் பெருசாக ஆக அது வளரும் வேகமும் கூடும். பெரிய ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையை நிராகரித்துவிட்டன என்பதும், கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பத்திரிகையில் 1961-இல் அது வந்தது என்பதும் ஒரு கூடுதல் தகவல். இன்றைக்கு விமானம், பாலம், குழாய் எதை எடுத்தாலும் இந்த விதி இல்லாமல் கணக்கு இல்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு முடிவு உண்டு. விரிசல் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தொட்டதும் அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்காது. ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். அந்த நீளம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது உலோகத்தின் முறிவுத் தாங்குதிறன். ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. விரிசல் எவ்வளவு வேகமாக நடக்கிறது? நடந்து போய் விழப்போகும் பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கதிர்வீச்சு வந்தால் இந்த இரண்டில் எது மாறும்?

படிக்கிறதுக்கு முன்னாடி நான் நினைத்தது: வேகம்தான் மாறும். கதிர்வீச்சு உலோகத்தை அரித்துவிடும், விரிசல் குடுகுடுவென்று ஓடும் என்று. அப்படி இல்லை.

நியூட்ரான் என்ன செய்கிறது

அணுஉலையின் மையத்திலிருந்து கிளம்பும் வேகமான நியூட்ரான் ஒன்று கலனின் சுவருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட். அது ஒரு இரும்பு அணுவின் கருவில் மோதுகிறது. இரும்பு அணு நியூட்ரானைப் போல 56 மடங்கு கனம். அதனால் மோதலில் கைமாறுவது அதிகபட்சம் 7 சதவீதம்தான், அதாவது 70 ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் ஒரு இரும்பு அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்க சுமார் 40 எலக்ட்ரான்வோல்ட் போதும்.

கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் என்பது சுண்டுகிற விரல். அடிபட்ட முதல் இரும்பு அணுதான் ஸ்ட்ரைக்கர். அது போய் நூற்றுக்கணக்கான காய்களைக் கலைத்துவிடும். ஆனால் கேரமில் நடக்காத ஒன்று இங்கே நடக்கிறது. ஒரு வினாடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் கலைந்த அணுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலியிடத்தைப் பிடித்துத் திரும்ப உட்கார்ந்துவிடும். உலோகம் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மிச்சம் இருப்பது கொஞ்சம் வெற்றிடங்கள், கொஞ்சம் இடம் கிடைக்காமல் இடுக்கில் சிக்கிய அணுக்கள்.

இந்த மிச்சம்தான் வருஷக்கணக்கில் சேருகிறது. சேதத்தை அளக்க ஒரு அலகு வைத்திருக்கிறார்கள்: சராசரியாக ஒரு அணு எத்தனை தடவை இடம்பெயர்க்கப்பட்டது என்பது. அழுத்தக்கலனின் சுவரில் அதன் ஆயுள் முழுக்க இது 0.1 அல்லது அதற்கும் கீழே. அதாவது பத்து அணுவில் ஒன்று, ஒரு தடவை. மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உள் பாகங்களில் இதுவே பல பத்துகள் ஆகும். அங்கே ஒவ்வொரு அணுவும் பல பத்து தடவை எழுப்பி உட்காரவைக்கப்பட்டிருக்கும். அப்படியும் அது எஃகாகவே நிற்கிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அடுத்து செம்பு. 1970களின் தொடக்கம் வரைக்கும் கட்டிய பல கலன்களில் வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் செம்புப் பூச்சு கொடுத்திருந்தார்கள். அந்தச் செம்பு உருகி வெல்டுக்குள் கலந்துவிட்டது. அளவு 0.2, 0.3 சதவீதம் போலத்தான். சாதாரண எஃகு வேலையில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் கதிர்வீச்சு உண்டாக்கிய வெற்றிடங்களைப் பிடித்துக்கொண்டு செம்பு அணுக்கள் நகர்ந்து, இரண்டு மூன்று நானோமீட்டர் அளவில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன. எஃகு முழுக்கக் கோடிக்கணக்கான மணல் துகள்கள் தூவியது மாதிரி. நிக்கல், பாஸ்பரஸ் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். கம்பி துருப்பிடிக்கக் கூடாது என்று கடைக்காரர் மட்டத்தில் எடுத்த ஒரு நல்ல முடிவு, முப்பது வருஷம் கழித்து அணுஉலையின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

கடினமாகிறது, அதனால்தான் ஆபத்து

பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்தால் நகராது. ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகம் வளைவதும் இப்படித்தான். அணு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் மடிப்புகள், அதாவது டிஸ்லொகேஷன்கள், நகர்ந்து போவதால்தான் உலோகம் முறியாமல் வளைகிறது.

செம்புக் கொத்துகளும் வெற்றிடக் கூட்டங்களும் இந்த மடிப்புகளை வழிமறிக்கின்றன. அதனால் எஃகை வளைக்க அதிக விசை தேவைப்படுகிறது. பேப்பரில் பார்த்தால் எஃகு வலுவாகிவிட்டது! சின்னச் சின்ன அதிர்வை கோடிக்கணக்கான தடவை கொடுக்கும் களைப்புச் சோதனையில், கதிர்பட்ட எஃகு பல சமயம் புது எஃகைவிடக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும். அதே எஃகைப் பெரிய வளைப்பாகச் சில நூறு தடவை வளைத்தால் சீக்கிரம் விட்டுவிடும். விசையைத் தாங்கும் சக்தி கூடி, வளைந்துகொடுக்கும் சக்தி குறைந்துவிட்டது.

சரி, விரிசல் வளரும் வேகம்? அழுத்தக்கலன் எஃகில், பாரிஸ் விதி செல்லுபடியாகும் நடு எல்லையில் பெரிய மாற்றம் இல்லை. அந்த வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஃகின் மீள்தன்மைக் குணகம், யங்ஸ் மாடுலஸ். அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பிலிருந்து வருவது அது. ஆயிரத்தில் சில அணுக்கள் இடம் மாறினால் அது அசையாது.

மாறுவது இரண்டாவது கேள்விக்கான பதில். விரிசல் நுனியில் அழுத்தம் குவியும்போது, நல்ல எஃகு அங்கே கொஞ்சம் இழுபட்டு நுனியை மழுங்கடித்துவிடும். மடிப்புகள் நகர முடியாத எஃகால் மழுங்க முடியாது. நுனி கூராகவே இருக்கும், அணு அடுக்குகள் கண்ணாடி மாதிரிப் பிளந்துகொள்ளும். விரிசல் பழைய வேகத்தில்தான் நடக்கிறது. பள்ளம்தான் அதை நோக்கி வந்துவிட்டது.

எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது வரி பைத்தான் எழுதிப் பார்த்தேன். முரட்டுக் கணக்குதான், கலனின் வளைவு, வெப்பம் எதையும் சேர்க்கவில்லை. இழுவை 200 மெகாபாஸ்கல், கலனின் சுவர் 20 சென்டிமீட்டர். முறிவுத் தாங்குதிறன் 200 என்ற அளவில் இருக்கும்போது விரிசல் பாயத் தேவையான நீளம் 32 சென்டிமீட்டர் வருகிறது. சுவரே 20 தான். அப்படியென்றால் விரிசல் பாய்வதற்கு முன்னாடியே சுவரைத் துளைத்துத் தண்ணீர் கசிந்து, நமக்குத் தெரிந்துவிடும். அதே தாங்குதிறன் 50-க்கு இறங்கினால்? நீளம் தாங்குதிறனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நாலில் ஒன்றாக இல்லை, பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. 2 சென்டிமீட்டர். கசிவு என்ற எச்சரிக்கையே கிடைக்காது.

இப்போது இதே எண்களைப் பாரிஸ் விதியில் போட்டேன். 2 மில்லிமீட்டர் குறையில் ஆரம்பித்து, பள்ளத்தைத் தொட எத்தனை சுற்று ஆகும்? பள்ளம் சுவரின் முழுத் தடிமனுக்கு அப்பால் இருந்தாலும், 2 சென்டிமீட்டரிலேயே இருந்தாலும், சுற்றுகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் ஏறக்குறைய கால்பங்குதான்! முதலில் பக் என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். பக் இல்லை. விரிசல் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சின்னதாக இருக்கும்போதே கழிக்கிறது. கடைசித் தூரத்தை ரொம்ப வேகமாகக் கடந்துவிடும். அதனால் அந்தக் கடைசித் தூரத்தை வெட்டினாலும் மொத்த நாள் கணக்கில் பெரிதாகக் குறையாது.

என் மட்டில் இந்த விஷயத்தின் சாரம் இதுதான். களைப்புக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு, நூறில் இருபத்தைந்து போனது மாதிரித் தெரியும். மெதுவான தேய்மானக் கணக்கில் அது சமாளிக்கக்கூடிய இழப்பு. ஆனால் ஒரே ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால் தாங்கக்கூடிய குறையின் அளவு பதினாறில் ஒன்றாகிவிட்டது. தினசரி ஓட்டத்தில் கண்ணுக்கே தெரியாத பலவீனம், ஒரு கெட்ட நாளில் மொத்தமாக வெளியே வரும்.

அந்தக் கெட்ட நாள் எப்படி இருக்கும்

எஃகுக்கு வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு முகம் உண்டு. சூட்டில் இழுபடும், குளிரில் நொறுங்கும். 1943 ஜனவரி 16 இரவு, ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அசையாத தண்ணீரில் கரையோரம் கட்டியிருந்தபோதே நடுவில் பிளந்து இரண்டாகிவிட்டது. புயல் இல்லை, மோதல் இல்லை. குளிர் இரவு, வெல்டில் ஒரு குறை, குளிரில் நொறுங்கும் எஃகு. சார்பி சோதனைக்கு உலகம் முழுக்க மரியாதை வந்ததற்கு அந்தக் காலத்துக் கப்பல் முறிவுகள் ஒரு பெரிய காரணம்.

நொறுங்கும் முகத்திலிருந்து இழுபடும் முகத்துக்கு மாறும் வெப்பநிலையைக் கதிர்வீச்சு மேலே தள்ளுகிறது. புதிதாக இருக்கும்போது பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது, செம்பு அதிகமுள்ள வெல்டில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகலாம். உலை ஓடுவது 290 டிகிரி போல. அந்தச் சூட்டில் பழைய கலன்கூட உறுதியாகவே இருக்கும், ஆகவே தினசரி ஓட்டத்தில் பயம் இல்லை. கலன் சூடு குறைந்து, உள்ளே அழுத்தம் மட்டும் குறையாமல் இருந்தால்தான் ஆபத்து.

அப்படி ஒரு நாள் வந்தது. 1978 மார்ச் 20, கலிஃபோர்னியாவின் ரான்சோ செக்கோ நிலையம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு இண்டிகேட்டர் பல்பு ஃபியூஸ் போயிருந்தது. மாற்றப்போன ஆபரேட்டரின் கையிலிருந்து பல்பு நழுவிப் பேனலுக்குள் விழுந்து ஷார்ட் சர்க்யூட் ஆனது. கருவிகளில் பெரும்பகுதிக்கு மின்சாரம் போய்விட்டது. தப்பான சிக்னல்களை நம்பிக் கட்டுப்பாட்டு அமைப்பு தப்பான வால்வுகளை இயக்க, உலை தானாக நின்றது. பிறகு தண்ணீர் அளவுக்கு அதிகமாகப் பாய்ந்து, ஒரு மணி நேரம் போல ஆகிற நேரத்துக்குள் குளிர்விப்பு நீரின் வெப்பம் சுமார் 165 டிகிரி செல்சியஸ் இறங்கிவிட்டது. அழுத்தமோ உயரத்திலேயே இருந்தது.

இதில் எஃகுக்கு என்ன ஆகும்? சுவரின் உள்பக்கம் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் இன்னும் சூடாக இருந்து அதை விடாது. அதனால் உள்பக்கத்தில் கடும் இழுவை. அதோடு உள்ளே இருக்கும் அழுத்தத்தின் இழுவையும் சேரும். நியூட்ரானை அதிகம் வாங்கியதும் அதே உள்பக்கம்தான். குளிர், இழுவை, நொறுங்கல், மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ரான்சோ செக்கோ அப்போது ஓட ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. கலன் இளசு. ஒன்றும் ஆகவில்லை. அதே பல்பு முப்பது வருஷம் ஓடிய, செம்பு அதிகமுள்ள ஒரு கலன் இருக்கும் நிலையத்தில் விழுந்திருந்தால்?

இந்தக் கேள்விதான் 1985-இல் அமெரிக்காவில் ஒரு விதியானது. கலனின் தட்டுகளுக்கும் நீளவாக்கு வெல்டுகளுக்கும் அந்த மாற்ற வெப்பநிலை 132 டிகிரி செல்சியஸையும், சுற்றுவாக்கு வெல்டுகளுக்கு 149 டிகிரியையும் தாண்டப்போகிறது என்றால், நிலையம் ஆதாரத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.

கலனுக்குள் வைத்த சார்பி துண்டுகள்

ஆதாரம் எங்கிருந்து வரும்? ஓடுகிற கலனில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்க முடியாது. அதனால் கட்டும்போதே, அதே தட்டிலும் அதே வெல்டிலும் வெட்டிய சார்பி துண்டுகளைச் சின்னப் பெட்டிகளில் அடைத்து, சுவருக்கும் மையத்துக்கும் நடுவில் தொங்கவிட்டு விடுகிறார்கள். சுவரைவிட மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இவை சுவரைவிட வேகமாக மூப்படையும். சில வருஷத்துக்கு ஒரு பெட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தால், சுவர் இனிமேல் எப்படி ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். நம்ம பாஷையில் சொன்னால் கேனரி சர்வர். புது ரிலீஸை முதலில் ஒரு சர்வரில் மட்டும் விட்டுப் பார்ப்போமே, அது மாதிரி.

கேனரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸின் யாங்கி ரோ நிலையம் உதாரணம். 1960-இல் ஆரம்பித்த மிகப் பழைய நிலையம். லைசென்ஸ் நீட்டிப்புக்கு அந்த வகையில் முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பரிசீலனையில் மூன்று சிக்கல்கள் கிளம்பின. துண்டுகளை எடுத்துச் சோதிக்கும் திட்டம் ஆரம்பித்த சில வருஷங்களிலேயே நின்றுபோயிருந்தது. வெல்டில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பதிவு இல்லை. உலை மற்றவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் ஓடியது. குறைந்த வெப்பத்தில் எஃகு தன்னைச் சரிசெய்துகொள்வதும் குறைவு, ஆகவே சேதம் அதிகம் தங்கும். 1991 அக்டோபரில் உலையை நிறுத்தினார்கள். சோதித்து நிரூபிக்க ஆகும் செலவையும் மின்சாரச் சந்தையின் நிலையையும் பார்த்து, 1992 பிப்ரவரியில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

கவனியுங்கள், அந்தக் கலன் உடையவில்லை. ஆபத்தான விரிசல் எதையும் காட்டி அதை மூடவில்லை. கலன் நல்லது என்று சொல்ல ரீடிங் இல்லை, அவ்வளவுதான். டெஸ்ட் கேஸ் இல்லாத, டாகுமெண்ட் இல்லாத பழைய கோட் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் யாரும் அதற்குக் கையெழுத்துப் போடத் தயாரில்லை என்ற நிலையில் நானும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

பாதிப்பைத் திருப்பவும் ஒரு வழி உண்டு. எஃகை ஓடும் சூட்டைவிட அதிகமாகச் சூடாக்கினால், சிக்கிய அணுக்கள் விடுபட்டு, மடிப்புகளுக்கு வழி கிடைத்துவிடும். ரஷ்ய வடிவமைப்பில் உள்ள பழைய கலன்களில் 1987 முதல் இதைச் செய்திருக்கிறார்கள். பின்லாந்தின் லோவீசா நிலையத்தில் 1996-இல் கலனின் ஒரு வெல்டைச் சுற்றி 475 டிகிரியில் 100 மணி நேரம் சூடேற்றினார்கள். இழந்த உறுதியில் பெரும்பகுதி திரும்பியது. ஏறக்குறைய இருபது வருஷ மூப்பு, நாலு நாளில்.

எல்லாமே இப்படித்தானா?

இல்லை. வேகமே மாறும் இடமும் உண்டு. உலையின் உள் பாகங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அங்கே நியூட்ரான் அடி பல நூறு மடங்கு அதிகம், சுற்றிலும் சூடான தண்ணீர். வெற்றிடங்கள் ஓடி ஓடி உலோகத் துகள்களின் எல்லைகளில் போய்ச் சேரும்போது, அங்கே இருக்கும் குரோமியம் குறைந்துவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிடமிருந்து காப்பதே குரோமியம்தான். எல்லையில் அரிப்பு, உள்ளே கடினம், மேலே இழுவை. விரிசல் துகள் எல்லைகளின் வழியாகப் பல மடங்கு வேகத்தில் வளரும். 2016-இல் நியூயார்க் பக்கத்தில் இந்தியன் பாயின்ட் இரண்டாம் உலையைத் திறந்து பார்த்தபோது, மையத்தைச் சுற்றியுள்ள தகடுகளைப் பிடித்திருக்கும் 832 போல்ட்டுகளில் 227 கெட்டிருந்தன அல்லது சந்தேகத்துக்குரியவையாக இருந்தன. ஆனால் போல்ட்டை மாற்றலாம். மாற்றினார்கள். சில நூறு டன் எடையுள்ள கலனைத்தான் மாற்ற முடியாது.

நம்ம ஊரைப் பற்றியும் ஒரு வரி. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் இந்த மாதிரி ஒற்றைத் தடித்த கலன் அழுத்தத்தைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு உலையிலும் 306 சிர்கோனியக் குழாய்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவையும் மூப்படையும், ஆனால் கழற்றிப் புதிது போடலாம். 2000களின் தொடக்கத்தில் அப்படி மொத்தமாக மாற்றியும் இருக்கிறார்கள். கூடங்குளம் வேறு வகை. அங்கே தடித்த எஃகுக் கலன்தான், ஆகவே மேலே சொன்ன கதை அதற்குப் பொருந்தும். 2013-இல் ஓட ஆரம்பித்த உலை, இன்னும் இளசு. அதன் துண்டுகளின் ரீடிங் வருஷா வருஷம் ஒழுங்காக எடுத்து வைக்கப்படுகிறதா என்பது, இன்றைக்கு விட 2050-இல் முக்கியமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. 80 வருஷம் ஓட்டுவதற்குப் பல நிலையங்களில் போதுமான சார்பி துண்டுகள் மிச்சம் இல்லை. 40 வருஷத்துக்குத்தானே கணக்குப் போட்டு வைத்தார்கள்! அதனால் முன்பு உடைத்த துண்டுகளின் பாதிகளை எடுத்து, இரண்டு பக்கமும் புது எஃகை வெல்ட் செய்து திரும்ப முழுத் துண்டாக்கி உடைக்கிறார்கள். அந்தப் பாதியிலிருந்தே 4 மில்லிமீட்டர் தடிமனில் குட்டித் துண்டுகள் வெட்டி, தாங்குதிறனை நேரடியாகவே அளக்கிறார்கள். பல பத்து வருஷமாகக் கனத்த சுவருக்குப் பின்னால் லேபிள் ஒட்டிப் பத்திரப்படுத்திய உடைந்த துண்டுகள் அவை.

எங்கள் லேபில் உடைந்த துண்டு நேராக ஸ்கிராப் டப்பாவுக்குப் போகும். ரெக்கார்ட் நோட்டில் நான் எழுதிய எண் எந்தத் துண்டுடையது என்று எனக்கே தெரியாது. முழு மார்க் போட்டார்கள்.